தடுப்பூசிக்கு அழைக்கும் கைப்பேசி, தாயின் கேள்வியையும் கேட்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகளின் தடுப்பூசித் தவணைகளைக் கைப்பேசி வழியாகப் பெற்றோருக்கு நினைவூட்டுவதில் ஒன்றிய, மாநில அரசுகள் இப்போது காட்டிவரும் ஆர்வம் வரவேற்கத்தக்கது. ஆனால் அனுப்பப்படும் குறுஞ்செய்திகள் ஒரே திசையில் மட்டும் செல்கின்றன. செய்தியைப் படித்த தாய்க்கு ஓர் ஐயம் எழுந்தால், வந்த வழியிலேயே அதைத் திருப்பிக் கேட்க இடமில்லை. தடுப்பூசி போட்டுக்கொள்ள மக்களை ஊக்குவிக்கும் மின்னணு முயற்சிகளில் மற்ற குறைகளைவிட இதுவே பெரிய குறை என்பதைத் தங்கள் நாளிதழ் வாயிலாகப் பெருநகர சென்னை மாநகராட்சியின் பொதுச் சுகாதாரத் துறைக்கும் மாநிலச் சுகாதாரத் துறைக்கும் தெரிவிக்க விரும்புகிறேன். வடசென்னையில் நகர்ப்புற சுகாதாரச் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

நினைவூட்டலின் பயனை நான் குறைத்துச் சொல்லவில்லை. பிறந்தவுடன் காசநோயைத் தடுக்கும் பி.சி.ஜி., கல்லீரல் அழற்சியைத் தடுக்கும் ஹெபடைடிஸ் பி ஊசிகளும் போலியோ சொட்டு மருந்தும் தரப்படுகின்றன. அதன்பின் ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதங்களில் ஐந்து நோய்களைத் தடுக்கும் கூட்டு ஊசியும், ரோட்டா, போலியோ சொட்டு மருந்துகளும், இடையிடையே நிமோகாக்கல் ஊசியும் வருகின்றன. ஒன்பது மாதம் நிறைந்ததும் தட்டம்மை, ரூபெல்லாவுக்கான முதல் தவணை, 16 முதல் 24 மாதங்களுக்குள் அதன் இரண்டாம் தவணை, பிறகு ஐந்து வயதில் வேறோர் ஊசி, 10 வயதிலும் 16 வயதிலும் ஒவ்வொன்று என அட்டவணை நீள்கிறது. முதல் மூன்றரை மாதங்களில் தாயும் வீட்டில் இருப்பாள், பாட்டியும் உடன் இருப்பார், அட்டையும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும் என்பதால் தவறுவது குறைவு. ஒன்பதாம் மாத ஊசிக்கும் ஒன்றரை வயது ஊசிக்கும் இடையில்தான் குழந்தைகள் கணக்கில் இருந்து நழுவுகிறார்கள். அதற்குள் தாய் வேலைக்குத் திரும்பியிருப்பாள், வாடகை வீடு மாறியிருக்கும், அட்டை எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதே மறந்திருக்கும். இந்த இடைவெளியில், இந்த வாரம் ஊசிக்கு வாருங்கள் என்று ஒரு செய்தி வந்து நின்றால் அதன் மதிப்பைக் களப்பணியில் இருந்தவர்கள் நன்கு அறிவார்கள்.

2023 ஜனவரியில் ஒவ்வொரு மாநிலத்திலும் இரண்டு மாவட்டங்களில் முன்னோட்டமாகத் தொடங்கி, 2024 அக்டோபரில் நாடு முழுவதற்கும் முறைப்படி அறிமுகமான ஒன்றிய அரசின் யு-வின் தடுப்பூசித் தளம் இந்த வேலையைத்தான் செய்கிறது. கருவுற்ற தாயையும் பிறந்த குழந்தையையும் பதிவுசெய்து, அடுத்த தவணை நெருங்கும்போது குறுஞ்செய்தி அனுப்புகிறது, போட்டு முடித்த ஊசிகளுக்கு மின்னணுச் சான்றும் தருகிறது. சான்று கிடைத்தால் அட்டை தொலைந்தாலும் கணக்கு தொலையாது என்பது சிறிய ஆறுதல் அன்று. தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் எல்லா அடிப்படைத் தடுப்பூசிகளையும் பெற்ற குழந்தைகளின் பங்கு 2015-16இல் ஏறத்தாழ 70 சதவீதமாக இருந்து, 2019-21இல் ஏறத்தாழ 89 சதவீதமாக உயர்ந்தது. எஞ்சியிருக்கும் பத்தில் ஒரு பங்கைச் சிறிதென்று எண்ணிவிட முடியாது. தட்டம்மை போன்று வெகுவேகமாகத் தொற்றும் நோய் ஓர் ஊரில் பரவாமல் இருக்க, அங்குள்ளவர்களில் 95 சதவீதத்தினராவது இரண்டு தவணையும் பெற்றிருக்க வேண்டும் என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட அளவு.

இந்தப் பத்தில் ஒரு பங்கில் எல்லோருமே மறந்தவர்கள் அல்லர் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. நாள் கூலியை விட்டுவிட்டு, தடுப்பூசி நாளான புதன்கிழமை காலையில் வரிசையில் நிற்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். போன தவணையில் குழந்தைக்கு இரவெல்லாம் காய்ச்சல் அடித்ததால், அடுத்ததற்குப் போகவேண்டாம் என்று மாமியார் சொன்ன வீடுகள் இருக்கின்றன. உறவினர் அனுப்பிய ஒரு குரல்பதிவைக் கேட்டு அஞ்சியவர்களும் இருக்கிறார்கள். மறந்தவருக்கு நாள் நினைவூட்டினால் போதும். அஞ்சியவருக்கு அதே செய்தியை மூன்று முறை அனுப்பினால், ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறார்கள் என்ற சந்தேகமே வலுக்கும். நம் அமைப்பு இரு சாராருக்கும் ஒரே வாசகத்தை அனுப்பிக்கொண்டிருக்கிறது.

தடுப்பூசி பற்றிய ஐயம் வாட்ஸ்அப் காலத்தில் பிறந்ததும் அன்று. பெரியம்மைத் தடுப்பு மருந்தான அம்மைப்பால் தயாரிப்பதற்காக 1899இல் கிண்டியில் கிங் நிலையம் தோன்றியது, 1948இல் அதே கிண்டியில் பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வகமும் வந்தது. இப்படி நாட்டுக்கே தடுப்பு மருந்து செய்துகொடுத்த இந்த நகரில்தான் 1955இல் ராஜாஜி அவர்கள் பி.சி.ஜி. இயக்கத்தை வெளிப்படையாக எதிர்த்து எழுதினார். அவருடைய வாதம் சரியா தவறா என்பது ஒருபுறம் இருக்கட்டும். எதிர்த்தவர் யார், அவர் சொல்லும் காரணம் என்ன என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதனால் அரசும் மருத்துவர்களும் பெயர் சொல்லி, பத்திரிகைகளில், அதே பொது மேடையில் மறுமொழி கூற முடிந்தது. இன்று வரும் எதிர்ப்புக்கு முகமும் இல்லை, முகவரியும் இல்லை. பாட்டியின் கைப்பேசியில் இருந்து பேத்தியின் கைப்பேசிக்கு அது வந்து சேரும்போது, எழுதியவர் யாராக இருந்தாலும் அனுப்பியவர் பாட்டி என்பதே அதற்கு நம்பகத்தன்மை தந்துவிடுகிறது.

2017 பிப்ரவரியில் இதை நாம் நேரடியாகக் கண்டோம். தமிழ்நாடு, கர்நாடகம், கோவா, புதுச்சேரி, லட்சத்தீவு ஆகிய இடங்களில் 9 மாதம் முதல் 15 வயதுக்கு உட்பட்ட அனைவருக்கும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போடும் இயக்கம் தொடங்கியது. தொடங்கிய சில நாட்களிலேயே, இந்த ஊசி ஆபத்தானது, குழந்தைகளைச் சோதனைப் பொருளாக்குகிறார்கள் என்ற வகையிலான செய்திகள் வாட்ஸ்அப்பில் மாநிலம் முழுவதும் பரவின. பெற்றோர் பலர் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாமல் வீட்டில் நிறுத்திக்கொண்டனர். இயக்கத்தின் காலக்கெடுவை மார்ச் மாதத்துக்கு நீட்டிக்க வேண்டியதாயிற்று. ரூபெல்லா கிருமி கருவுற்ற பெண்ணைத் தாக்கினால் பிறக்கும் குழந்தைக்குக் காது கேளாமை, கண்புரை, இதயக் கோளாறு வரக்கூடும் என்பதையும், அந்த ஊசி ஏற்கெனவே தனியார் மருத்துவமனைகளில் வேறு கூட்டில் பல ஆண்டுகளாகப் போடப்பட்டு வந்ததுதான் என்பதையும் முன்கூட்டியே பெற்றோருக்கு விளக்கியிருந்தால், வதந்திக்குக் கிடைத்த வெற்றிடம் கிடைத்திருக்காது. அதிகாரிகள் மறுப்பறிக்கை வெளியிட்டார்கள், அமைச்சர்கள் பேட்டி அளித்தார்கள், மருத்துவர்கள் தொலைக்காட்சியில் பேசினார்கள். எல்லாம் உண்மை, எல்லாம் தேவையும்கூட. ஆனால் வதந்தி வந்த இடம் வகுப்புப் பெற்றோர் குழு, மறுப்பு வந்த இடம் தொலைக்காட்சி. குழுவில் கேள்வி கேட்ட தாய்க்குக் குழுவிலேயே பதில் சொல்ல, அவளுக்குத் தெரிந்த சுகாதாரப் பணியாளர் யாரும் அங்கே இல்லை.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2021 ஏப்ரல் 15 அன்று, நடிகர் விவேக் அவர்கள் ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டு, மக்களும் அச்சமின்றிப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். மறுநாள் அவருக்கு மாரடைப்பு ஏற்பட்டது, 17ஆம் தேதி காலமானார். நல்லெண்ணத்தோடு முன்வந்த ஒரு கலைஞரின் மறைவு, சில மணி நேரத்தில் தடுப்பூசிக்கு எதிரான சான்றாக மாற்றப்பட்டது. அவருடைய மரணத்துக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்று, தடுப்பூசிக்குப் பிந்தைய பாதகங்களை ஆராயும் தேசியக் குழு அறிவித்த செய்தி அந்த ஆண்டு அக்டோபரில்தான் வந்தது. முறையான ஆய்வுக்குக் காலம் பிடிக்கும், அதைக் குறை சொல்ல முடியாது. ஆயினும் அந்த ஆறு மாதங்களும் மக்களிடம் எதைச் சொல்லிக்கொண்டிருப்பது என்பதற்கு நம்மிடம் திட்டம் இல்லாமல் போனது குறைதான். என்ன தெரியும், என்ன இன்னும் ஆராயப்படுகிறது, அடுத்த தகவல் எப்போது வரும் என்று வாரந்தோறும் பகுதிச் செவிலியர் தன் குரலில் சொல்லியிருந்தாலே, கதை கட்டுபவர்களுக்கு வேலை குறைந்திருக்கும்.

உண்மையாகவே தீங்கு நேர்ந்த சமயங்களையும் மறைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்டபின் 4 குழந்தைகள் இறந்த துயரத்தைச் சென்னையைச் சுற்றியுள்ள பகுதிகளில் எவரும் மறக்கவில்லை. அதையடுத்து, ஊருக்குள் சென்று ஊசி போடும் முறை நிறுத்தப்பட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தாய்மார்களை வரவழைத்துப் போடும் ஏற்பாடு வந்தது. அந்த நினைவு இருக்கும் ஊரில், தடுப்பூசி முற்றிலும் பாதுகாப்பானது, பயம் வேண்டாம் என்று ஒற்றை வரியில் செய்தி அனுப்பினால் அது பெற்றோர் காதில் ஏறாது. ஊசி போட்ட இடத்தில் வீக்கம் வரலாம், ஓரிரு நாள் காய்ச்சல் வரலாம், கொடுக்க வேண்டிய மருந்தின் அளவு இது, போட்டபின் அரை மணி நேரம் நிலையத்திலேயே அமர்ந்திருங்கள், குழந்தை சோர்ந்துபோனாலோ வலிப்பு வந்தாலோ 108ஐ அழையுங்கள் என்று முன்னதாகச் சொன்னால், காய்ச்சல் வரும்போது தாய் கலங்க மாட்டாள். சொன்னபடியே நடக்கிறது என்று நினைப்பாள். நம் செய்திகளில் இந்தப் பகுதிதான் பெரும்பாலும் இல்லை.

இவ்வளவையும் ஒரு குறுஞ்செய்தியில் அடைக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். தமிழில் அது இன்னும் கடினம். ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 இடங்கள் உண்டு, தமிழ் எழுத்தில் 70தான். அந்த 70இலும் நம் உயிர்மெய்களில் பெரும்பாலானவை இரண்டு இடங்களைப் பிடித்துக்கொள்வதால், இடைவெளியும் சேர்த்து நாற்பது எழுத்துச் சொச்சத்தில் விஷயத்தை முடிக்க வேண்டியிருக்கிறது. அதற்கு மேல் போனால் ஒரே செய்தி இரண்டு மூன்றாகக் கணக்கிடப்பட்டுச் செலவு கூடும். அதனால் எழுதுபவர்கள் மரியாதைச் சொற்களையும் விளக்கத்தையும் நீக்கிவிட்டு, திட்டத்தின் பெயரையும் ஓர் இணைப்பையும் மட்டும் மிச்சம் வைக்கிறார்கள். அந்த இணைப்புதான் அடுத்த தொல்லை. தெரியாத இணைப்பைத் தொடாதீர்கள், பணம் போனால் 1930க்கு அழையுங்கள் என்று காவல்துறை ஊர் முழுக்க அறிவுறுத்திவரும்போது, எழுத்தும் எண்ணுமாகக் கலந்த ஓர் அனுப்புநர் பெயரில் வரும் சுருக்க இணைப்பைத் தொடாமல் அழிக்கும் தாயை எச்சரிக்கையானவள் என்றுதான் சொல்ல வேண்டும். அனுமதி பெற்ற இணைப்புகளை மட்டுமே குறுஞ்செய்தியில் அனுப்பலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2024இல் கொண்டுவந்த விதி நல்லதே. ஆயினும் எது அனுமதி பெற்றது என்பதைப் பெறுபவர் கண்டறிய வழியில்லை.

கைப்பேசி யாருடையது என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்வி. மேற்சொன்ன 2019-21 ஆய்வின்படி, தாமே பயன்படுத்தும் கைப்பேசி உள்ள பெண்கள் தமிழ்நாட்டில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர். எப்போதேனும் இணையத்தைப் பயன்படுத்தியவர்கள் பாதிக்கும் குறைவு. இன்று இந்த அளவுகள் உயர்ந்திருக்கும் என்றே வைத்துக்கொண்டாலும், பேறுகாலப் பதிவின்போது கொடுக்கப்படும் எண் பல வீடுகளில் கணவருடையது. அவர் லாரியில் விஜயவாடா போயிருக்கும் நாளில், புதன்கிழமை ஊசி என்ற செய்தி அவர் சட்டைப்பையில் கிடக்கும். கூவம், அடையாறு கரைகளில் இருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் மாற்றப்பட்ட குடும்பங்களின் நிலை இன்னும் சிக்கலானது. குழந்தை பதிவான நிலையம் ஒன்று, இப்போது அருகில் உள்ள நிலையம் வேறு, கொடுத்த எண்ணுக்கு யாரும் பணம் கட்டாமல் அது வேறொருவருக்குப் போய்விட்டது என்ற நிலை அங்கே புதிதன்று. பழைய மகாபலிபுரம் சாலையின் கட்டுமானக் கூடாரங்களிலும் எண்ணூர், அம்பத்தூர் தொழிற்பகுதிகளிலும் இருக்கும் ஒடியா, வங்காளம், இந்தி பேசும் தாய்மார்களுக்கு நம் தமிழ்ச் செய்தியும் ஆங்கிலச் செய்தியும் ஒன்றுதான்.

மின்னணு வசதி, வாசலைத் திறப்பதற்குப் பதில் வாசலில் காவல் நின்றால் என்ன ஆகும் என்பதை 2021 மே மாதத்தில் பார்த்தோம். 18 முதல் 44 வயது வரையுள்ளவர்கள் கொரோனா தடுப்பூசிக்கான கோவின் தளத்தில் முன்பதிவு செய்தால்தான் ஊசி என்று தொடக்கத்தில் இருந்த விதி, கைப்பேசியில் வேகமாக விரல் ஓட்டத் தெரிந்தவர்களுக்கு மட்டும் இடம் பிடித்துக் கொடுத்தது. எழுத்தறிவும் இணைய வசதியும் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்று உச்ச நீதிமன்றமே அந்த மாத இறுதியில் கேட்டது. ஜூன் மாதம் அந்தத் தளத்தில் மாநில மொழிகள் சேர்க்கப்பட்டபோது முதலில் தமிழ் இடம்பெறாமல் போனதும், மாநில அரசு எடுத்துச் சொன்னபின் சேர்க்கப்பட்டதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். நேரில் வந்து பதியலாம் என்று ஆனபிறகு நிலைமை மாறியது. அந்த ஆண்டு செப்டம்பர் 12 அன்று தமிழ்நாடு முழுவதும் நடந்த பெருமுகாமில் ஒரே நாளில் 28 லட்சத்துக்கும் மேற்பட்ட தவணைகள் போடப்பட்டன. அங்கே கைப்பேசி, முகாம் எங்கே என்று காட்டவும், போட்டபின் சான்று தரவும் பயன்பட்டது. இடையில் இருந்த வேலையைத் தெருத்தெருவாகச் சென்ற பணியாளர்கள் செய்தார்கள்.

இனி நான் வேண்டுவதைச் சொல்கிறேன். மாநகராட்சியின் ஒவ்வொரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஒரு நிலையான அலுவலகக் கைப்பேசி எண் வேண்டும். அது செவிலியரின் சொந்த எண்ணாக இருக்கக் கூடாது. அவர் மாறுதலாகிப் போனாலும், ஓய்வு பெற்றாலும் அந்த எண் நிலையத்தோடு இருக்க வேண்டும். யு-வின் அனுப்பும் நினைவூட்டலின் கடைசியில் இணைப்புக்குப் பதிலாக இந்த எண் இருக்கட்டும். தாய் அழைக்கலாம், தவறிய அழைப்பு கொடுக்கலாம், வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பலாம். மறுநாள் மாலைக்குள் அவள் பகுதிச் செவிலியர் பதில் சொல்ல வேண்டும். 104 என்ற மாநில உதவி எண் ஏற்கெனவே இருக்கிறதே என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். இருக்கிறது, நல்ல சேவைதான். ஆனால், சிஸ்டர், போன ஊசிக்குக் கால் வீங்கிப்போச்சே, இந்த முறை மற்றக் காலில் போடுவீங்களா என்ற கேள்வியை ஒரு தாய் முகம் தெரியாத மையத்திடம் கேட்க மாட்டாள். அந்தக் குழந்தையைக் கையில் வாங்கிய செவிலியரிடம்தான் கேட்பாள்.

எழுத்தைக் காட்டிலும் குரலுக்கு முதலிடம் தர வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். ஒன்றிய சுகாதார அமைச்சகம் 2016 ஜனவரியில் தொடங்கிய கில்காரி சேவையில், கருவுற்ற நான்காம் மாதம் முதல் குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை, வாரம் ஒன்றாக 72 பதிவுசெய்த அழைப்புகள் தாயின் கைப்பேசிக்குச் செல்கின்றன. இணையமும் எழுத்தறிவும் தேவையில்லை, சாதாரணக் கைப்பேசியே போதும். எண்ணம் சிறந்தது. சென்னைக்கு அதைச் செய்யும்போது, தொலைக்காட்சி விளம்பரக் குரலை விட்டுவிட்டு, அந்தந்த மண்டலத்துச் செவிலியர்களையே பேசவைத்துப் பதிவுசெய்தால் நன்று. வியாசர்பாடித் தாய்க்கு வியாசர்பாடியில் பேசுவது போலவே பேசட்டும். ஒடியாவிலும் வங்காளத்திலும் இந்தியிலும் பேச, அந்தக் கூடாரங்களில் இருந்தே பெண்களைக் கண்டுபிடிக்கலாம். பதிவில் மருந்தின் வேதிப்பெயர் வேண்டாம். ஒன்றரை மாத ஊசி, ஒன்பதாம் மாத அம்மை ஊசி, அஞ்சு வயசு ஊசி என்று வீடுகளில் வழங்கும் பெயரே போதும். அந்த வாரம் ஊசி இருப்பு இருக்கிறதா, எத்தனை மணிக்கு வந்தால் கூட்டம் குறைவு என்பதையும் சேர்த்துச் சொன்னால், கூலியை விட்டு வருபவர் வெறுங்கையோடு திரும்ப நேராது. தடுப்பூசி நாளில் நிலையத்துக்கு வந்து இருப்பு இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட தாய் ஒருத்தி, அடுத்த பத்து நினைவூட்டல்களையும் நம்ப மாட்டாள்.

வரும் கேள்விகளைப் பதிவுசெய்து வைப்பதில் இன்னொரு பயனும் உண்டு. ஒரே வாரத்தில் ஒரே வார்டில் இருந்து ஒரே மாதிரியான அச்சம் கேட்கப்பட்டால், அங்கே ஏதோ ஒரு வதந்தி உலவுகிறது என்று பொருள். இப்போது அந்தத் தகவல் செவிலியரின் காதோடு நின்றுவிடுகிறது. 15 மண்டலங்கள், 200 வார்டுகள் கொண்ட மாநகராட்சிக்கு, எந்த வார்டில் எந்தப் பேச்சு எழுந்திருக்கிறது என்று அன்றாடம் தெரிந்தால், ஊடகத்துக்கு மறுப்பறிக்கை தரவேண்டிய நிலை வரும் முன்பே அந்தத் தெருவுக்கு மருத்துவரை அனுப்பிவிடலாம். பலமுறை பகிரப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஒரே ஒருவருக்கோ ஒரே ஒரு குழுவுக்கோதான் அனுப்ப முடியும் என்று வாட்ஸ்அப் நிறுவனம் 2020இல் கட்டுப்பாடு வைத்தது. வதந்தியின் வேகம் அதனால் குறையலாம். ஒரு தாயின் மனத்தில் விழுந்த சந்தேகத்தை எடுக்க அந்தக் கட்டுப்பாட்டால் ஆகாது.

இந்த ஏற்பாட்டைச் செவிலியர்களின் தலையில் கூடுதல் சுமையாக ஏற்றினால் அது தோற்றுப்போகும் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரே குழந்தையின் விவரத்தை யு-வின்னில் ஒருமுறை, கருவுற்ற தாய்மார்களைப் பதியும் மாநிலத்தின் பிக்மி தளத்தில் ஒருமுறை, மாத அறிக்கைக்காக இன்னொருமுறை, இவையெல்லாம் போதாதென்று பதிவேட்டில் கையாலும் எழுதும் நிலையில், செவிலியர் தாயின் முகத்தைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது. புதிய செயலி எதுவும் வேண்டாம். இருக்கும் தளங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளட்டும், செவிலியர் தாயோடு பேசட்டும். ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு தரவுப் பதிவாளரை அமர்த்தும் செலவு, நகரெங்கும் வைக்கப்படும் விளம்பரப் பதாகைகளின் செலவைவிடப் பயனுள்ளதாக இருக்கும்.

தாய்மார்களின் எண்களைக் காப்பது குறித்தும் ஒரு சொல். வசதிக்காக ஒரு பகுதியின் எல்லாத் தாய்மார்களையும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிடும் பழக்கம் பரவிவருகிறது. அதில் ஒருவர் எண் எல்லோருக்கும் தெரியும், எந்தக் குழந்தைக்கு எந்த ஊசி பாக்கி என்பதும் தெரியும், வதந்தி நுழையவும் அதுவே வழியாகும். பெறுபவர்கள் ஒருவரை ஒருவர் காணாத ஒலிபரப்புப் பட்டியலே இதற்கு ஏற்றது. 2023 ஜூனில், கோவின் தளத்தில் பதிந்தவர்களின் விவரங்கள் டெலிகிராம் செயலி வழியாகக் கிடைக்கின்றன என்ற செய்தி எழுந்ததும், தளத்தில் நேரடி ஊடுருவல் இல்லை என்று அரசு மறுத்ததும் பெற்றோர் நினைவில் இருக்கின்றன. அதே ஆண்டு நிறைவேறிய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், குழந்தைகளின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கோருகிறது. எண்ணைக் கேட்கும்போதே, இது எதற்குப் பயன்படும், யாரிடம் இருக்கும் என்று இரண்டு வாக்கியம் சொல்வது சட்டத்துக்காக மட்டும் அல்லாமல் நம்பிக்கைக்காகவும் தேவை.

இவற்றை இப்போதே செய்யவேண்டிய அவசரம் ஒன்று உள்ளது. கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசியை 14 வயதுச் சிறுமிகளுக்குப் படிப்படியாக வழங்க, 2025-26 நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசு 36 கோடி ரூபாய் ஒதுக்குவதாக அறிவித்தது. 2030க்குள் 15 வயது நிறையும் முன்பே 90 சதவீதச் சிறுமிகளுக்கு இந்த ஊசி போடப்பட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கு. பெண் குழந்தை, பருவ வயது, கருப்பை என்ற மூன்றும் சேரும் இடத்தில் வதந்திக்கு வேறு உரம் தேவையில்லை. பிள்ளைப்பேறு பாதிக்கும், இந்த வயதில் எதற்கு என்ற பேச்சுகள் பள்ளி வாசலில் எழும். 2017இல் போல ஊசி வந்தபின் விளக்கம் தேடி ஓடக் கூடாது. ஒவ்வொரு பள்ளியிலும் பெற்றோர் கூட்டம் கூட்டி, பகுதி மருத்துவரும் செவிலியரும் நேரில் வந்து கேள்விகளை எதிர்கொண்டு, அந்தக் கூட்டத்திலேயே நிலையத்தின் எண்ணைக் கொடுத்துவிட்டு, அதன்பிறகே கைப்பேசிக்குச் செய்தி அனுப்ப வேண்டும். முன்பின் தெரிந்தவரிடம் இருந்து வரும் செய்தியைப் பெற்றோர் படிப்பார்கள்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள் என்பது பல ஆண்டுப் பழக்கம். செவ்வாய்க்கிழமை இதழின் சென்னைப் பக்கத்தில், மண்டல வாரியாக நிலையங்களின் தொடர்பு எண்களையும், அந்த வாரம் வாசகர்கள் அனுப்பிய ஒரு கேள்விக்கு மாநகராட்சி மருத்துவர் தரும் பதிலையும் சிறு கட்டமாக வெளியிட்டால், கைப்பேசி இல்லாத வீட்டுக்கும் அது தேநீர்க் கடை வழியாகப் போய்ச் சேரும். எண்களைத் தந்து உதவுமாறு மாநகராட்சி நகர்நல அலுவலரையும் இக்கடிதம் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நகர்ப்புற சுகாதாரச் செவிலியர்,
பெரம்பூர், சென்னை.